நோயாளி போடும் மதிப்பெண்: மருத்துவரின் சம்பளத்துக்கா, அவர் பார்வைக்கா?

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன நோயாளிக்குச் சில நாள் கழித்து ஒரு படிவம் வருகிறது. மருத்துவர் நீங்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டாரா, புரியும்படி விளக்கினாரா, வார்டு சுத்தமாக இருந்ததா, ராத்திரி தூங்க முடிந்ததா என்று கேள்விகள். திரும்பி வரும் படிவங்களைக் கூட்டிப் பார்த்தால் ஓர் எண் கிடைக்கிறது. அதுவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. அந்த எண்ணை யார் கையில் கொடுப்பது, அதோடு எதைக் கட்டிவிடுவது என்பதில்தான் தகராறு.

நிர்வாகத்தின் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. கேட்காமலே விட்டுவிடலாம். மதிப்பெண்ணை மருத்துவரின் சம்பளத்தோடும் பதவி உயர்வோடும் இணைக்கலாம். எல்லோரும் பார்க்கும்படி வெளியிடலாம். அல்லது மருத்துவரிடம் மட்டும் காட்டி, அவர் தன்னைத் திருத்திக்கொள்ள உதவலாம். இவற்றில் நிர்வாகங்களுக்கு மிகவும் பிடித்துப்போகிற வழி இரண்டாவது. நான்கிலும் மோசமானது அதுதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

எண்ணுக்குள் இருப்பது

நோயாளியின் கருத்தைக் கேட்பது பழைய தொழில்தான். அமெரிக்காவில் 1985-இல் இர்வின் பிரஸ் என்ற மானுடவியலாளரும் ராட் கேனி என்ற சமூகவியலாளரும் தொடங்கிய பிரஸ் கேனி நிறுவனம் இதைப் பெரிய வியாபாரமாகவே வளர்த்தது. பிறகு அரசும் இறங்கியது. எச்கேப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொதுக் கேள்வித்தாள் 2006-இல் அங்கே நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. 2008 முதல் மருத்துவமனை வாரியாக முடிவுகள் வெளியாயின. 2012 அக்டோபரில் பணமும் சேர்ந்துகொண்டது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் மருத்துவமனைகளுக்குத் தரும் தொகையில் முதலில் 1 சதவீதத்தைப் பிடித்துவைத்து, செயல்பாட்டைப் பார்த்துப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். போகப் போக அது 2 சதவீதமானது. முதல் ஆண்டில் அந்தச் செயல்பாட்டுக் கணக்கில் 30 சதவீதம் நோயாளிகள் போட்ட மதிப்பெண்.

இது முழு மருத்துவமனைக்கான கணக்கு. தனி மருத்துவரை எடைபோடுவதற்காக இந்தக் கேள்வித்தாள் செய்யப்படவில்லை என்று அதை நடத்தும் அரசு மையமே சொல்லியிருக்கிறது. ஆனால் மேலே பணம் பிடிபட்டால் அழுத்தம் கீழே இறங்கத்தானே செய்யும்? நிர்வாகம் துறைத் தலைவரைக் கேட்கும், துறைத் தலைவர் மருத்துவரைக் கேட்பார். தனி மருத்துவரின் மதிப்பெண் அவருடைய ஊக்கத்தொகைக்குள் நுழைவதற்கு இந்தச் சங்கிலி போதும்.

சரி, திருப்தியான நோயாளி நல்ல சிகிச்சை பெற்ற நோயாளியா? இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் ஆய்வுகள் இருக்கின்றன. அவரவருக்கு வசதியானதை மட்டும் காட்டிப் பேசுவதும் வழக்கமாகிவிட்டது.

மருத்துவர்கள் காட்டுவது 2012-இல் ஜோஷுவா ஃபென்டனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வை. அமெரிக்காவில் சுமார் 52,000 பேரின் தகவலை வைத்துச் செய்தது. திருப்தியில் மேல் கால்பங்கில் இருந்தவர்களைக் கீழ்க் கால்பங்கில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். மேலே இருந்தவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் குறைவாகப் போயிருந்தார்கள். ஆனால் உள்நோயாளியாகச் சேர்ந்தது அதிகம். மொத்தச் செலவு 8.8 சதவீதமும் மருந்துச் செலவு 9.1 சதவீதமும் கூடுதல். அதோடு, இறந்துபோகும் அபாயம் 26 சதவீதம் அதிகமாக இருந்தது. ‘நோயாளியைத் திருப்திப்படுத்தினால் அவர் செத்துப்போவார்’ என்று இதைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் உண்டு.

அவ்வளவு தூரம் போக முடியாது. அது கவனித்துப் பார்த்த ஆய்வு. காரணத்தை நிரூபிக்கிற சோதனை இல்லை. உடல்நிலை மோசமாக இருப்பவர்கள் தங்கள் மருத்துவரை அதிகம் பார்க்கிறார்கள், அதிகம் நம்புகிறார்கள், அதனால் அதிக மதிப்பெண்ணும் போடுகிறார்கள் என்றுகூட இருக்கலாம். ஆய்வாளர்கள் உடல்நிலையைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தார்கள்தான், ஆனாலும் இப்படிப்பட்ட சரிக்கட்டல் முழுதாகச் சரியாவதில்லை.

நிர்வாகங்கள் காட்டுவது வேறொன்றை. 2013-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 55 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நோயாளியின் அனுபவம் நன்றாக இருக்கும் இடங்களில் சிகிச்சையின் பலனும் பாதுகாப்பும் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை. வீட்டுக்குப் போனபின் எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று யாராவது விளக்கினார்களா என்பதற்கு நோயாளியைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ‘விளக்கம் தரப்பட்டது’ என்று கோப்பில் டிக் அடித்திருப்பார்கள். அவருக்குப் புரிந்ததா என்பது கோப்புக்குத் தெரியாது. ‘நோயாளிக்கு மருத்துவம் தெரியாது, அவர் எப்படி எனக்கு மதிப்பெண் போடலாம்’ என்று சில மருத்துவர்கள் கேட்கிறார்கள். அறுவை சிகிச்சை தேவையா என்று தீர்ப்புச் சொல்ல அவரால் முடியாதுதான். தன்னிடம் பேசியவர் தன் முகத்தைப் பார்த்துப் பேசினாரா, கணினித் திரையைப் பார்த்துப் பேசினாரா என்று அவரால் நன்றாகவே சொல்ல முடியும்.

ஆக, அந்த எண்ணுக்குள் நோயாளிக்கு மட்டுமே தெரிந்த உண்மை கொஞ்சம் இருக்கிறது. மருத்துவரின் கையில் இல்லாத விஷயங்கள் கொஞ்சம். கேட்டது கிடைத்ததா இல்லையா என்ற கணக்கும் கொஞ்சம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் இவற்றில் எது பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கேட்காமலே விடுவது

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மருத்துவர்களுக்கு நிம்மதி, செலவும் இல்லை. ஆனால் நோயாளிகள் பேசுவதை நிறுத்தப்போவதில்லை. இணையத்தில் ஸ்டார் போடுவார்கள், அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், ரொம்பவும் கோபம் வந்தால் வக்கீலிடம் போவார்கள். படிவம் அனுப்பினால் சுமாராகத் திருப்தியடைந்தவர்களில் சிலராவது பதில் எழுதுவார்கள். அனுப்பாவிட்டால் மிகவும் கோபப்பட்டவரும் மிகவும் மகிழ்ந்தவரும் மட்டும்தான் காதில் விழுவார்கள். மிகச் சிறிய கிளினிக் ஒன்றில், மருத்துவர் எல்லா நோயாளிகளையும் பெயர் சொல்லி அழைக்கும் அளவில் இருந்தால், கேள்வித்தாள் இல்லாமல் சமாளிக்கலாம். மற்ற இடங்களில் இது கண்ணை மூடிக்கொள்வதுதான்.

சம்பளத்தோடு கட்டுவது

இதை ஆதரிப்பவர்களின் வாதம் எளிது. பணம் இல்லாவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். உண்மைதான், பணத்தைக் கட்டியதும் எல்லோரும் கவனிக்கிறார்கள். எதைக் கவனிக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

முதலில் வெறும் கணக்கு. ஒரு மருத்துவருக்கு ஒரு சுற்றில் 30 படிவங்கள் திரும்பி வருகின்றன, ஐந்துக்கு அவர் சராசரி 4.7 என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்து போட்டிருந்த இரண்டு பேர், மூன்று மணி நேரம் காத்திருந்த எரிச்சலிலோ பில் கவுண்டரில் நடந்த சண்டையாலோ ஒன்று போட்டுவிட்டிருந்தால் சராசரி 4.43 ஆகிவிடும். பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் இந்த மாதிரிக் கணிப்புகளில் பெரும்பாலான மருத்துவர்கள் 4.5-க்கும் 4.9-க்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். அந்த நெரிசலில் 0.27 என்பது பட்டியலின் நடுவிலிருந்து அடிமட்டத்துக்குத் தள்ளிவிடப் போதும். மருத்துவர் மாறவில்லை, இரண்டு படிவம் மாறியது, அவ்வளவுதான்.

இதற்கு மேல் தரவரிசை வேறு. மதிப்பெண்ணை அப்படியே காட்டாமல் ‘நூறு பேரில் நீங்கள் எத்தனையாவது இடம்’ என்று மாற்றிக் காட்டும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எல்லோரும் நன்றாகச் செய்தாலும் பாதிப் பேர் கீழ்ப்பாதியில்தான் இருந்தாக வேண்டும். போன ஆண்டைவிட நன்றாகச் செய்தவர்கூட, மற்றவர்கள் அவரைவிடக் கொஞ்சம் அதிகமாக முன்னேறிவிட்டால், ‘சரிவு’ என்று கடிதம் வாங்குவார். எச்கேப்ஸில் இன்னொரு வேடிக்கை உண்டு. ‘எப்போதும்’, ‘பெரும்பாலும்’, ‘சில சமயம்’, ‘ஒருபோதும் இல்லை’ என்று நான்கு பதில்கள் இருந்தாலும் பொதுவாக எண்ணிக் காட்டப்படுவது ‘எப்போதும்’ என்ற பதில் மட்டும். ‘பெரும்பாலும் நன்றாக விளக்கினார்’ என்று மனநிறைவோடு எழுதிய நோயாளியும் ‘ஒருபோதும் இல்லை’ என்று எழுதியவரும் அந்த எண்ணில் ஒரே தட்டில்தான். பதில் எழுதுபவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 2008-இல் மூன்றில் ஒருவர் பதிலளித்த இந்தக் கேள்வித்தாளுக்குப் பத்து ஆண்டுகளில் நான்கில் ஒருவர்தான் பதிலளித்தார்.

கணக்குப் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்குள் இது புகுவதுதான் பெரிய கவலை.

சளி, இருமல், தொண்டைவலி என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸ்தான் காரணம், ஆண்டிபயாட்டிக் வேலை செய்யாது. இது எல்லா மருத்துவருக்கும் தெரியும். அமெரிக்காவில் தொலைமருத்துவம் வழியாக நடந்த 8,437 சுவாசத் தொற்று ஆலோசனைகளை அலசி 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்டிபயாட்டிக் பெற்றவர்களில் 90.9 சதவீதம் பேர் ஐந்து ஸ்டார் கொடுத்திருந்தார்கள். வேறு ஏதாவது மருந்து பெற்றவர்களில் 86 சதவீதம். மருந்தே எழுதாமல் அனுப்பப்பட்டவர்களில் 72.5 சதவீதம். மூன்றில் இரண்டு ஆலோசனைகள் ஆண்டிபயாட்டிக் சீட்டோடுதான் முடிந்திருந்தன. இந்த எண்களை வைத்துக்கொண்டு ஒரு மருத்துவரின் ஊக்கத்தொகையை ஸ்டாரோடு கட்டிப் பாருங்கள். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாலை ஆறு மணிக்கு, இன்னும் பதினைந்து பேர் காத்திருக்கும்போது, சீட்டு எழுதுவதற்கு அரை நிமிடம், ஏன் எழுதவில்லை என்று விளக்குவதற்கு ஐந்து நிமிடம். மதிப்பெண்ணும் அரை நிமிடத்தின் பக்கம் நின்றால் அவர் எந்தப் பக்கம் சாய்வார்?

இங்கிலாந்தின் பொது மருத்துவர் மையங்களிலும் இதே போக்கு தெரிந்தது. ஆண்டிபயாட்டிக் எழுதுவது 25 சதவீதம் குறைவாக இருந்தால், நோயாளி திருப்தித் தரவரிசையில் 3 முதல் 6 இடங்கள் வரை (நூற்றுக்கு) இறக்கம் இருக்கும் என்று 2016-இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வில், சிறப்பு மருத்துவரிடம் அனுப்பச் சொல்லியோ, வலி மருந்து, புது மருந்து, ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டோ மறுக்கப்பட்ட நோயாளிகள், தங்கள் மருத்துவரைச் சுமார் 10 முதல் 20 இடங்கள் கீழே இறக்கினார்கள். அதே ஆய்வில் ஆண்டிபயாட்டிக் மறுக்கப்பட்டவர்களிடம் அப்படித் தெளிவான இறக்கம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படி மறுத்தார் என்பதைப் பொறுத்து இது மாறும். அதற்குக் கீழே வருகிறேன்.

வலி மருந்து விஷயம் இன்னும் சிக்கலானது. எச்கேப்ஸில் ‘உங்கள் வலி எத்தனை முறை நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது’ என்ற வகைக் கேள்விகள் இருந்தன. ஓபியாய்டு எனப்படும், பழக்கத்துக்கு அடிமையாக்கும் வலி மருந்துகள் அமெரிக்காவை ஆட்டிப்படைத்த காலத்தில், இந்தக் கேள்விகள்தான் மருத்துவர்களை அவற்றை அதிகம் எழுதவைக்கின்றன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அப்படி நேரடித் தொடர்பு இருப்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் தன் கண்ணில் படவில்லை என்று அரசு மையம் சொன்னது. ஆனாலும் 2016-இல் அந்தக் கேள்விகளைப் பணக் கணக்கிலிருந்து எடுக்க முடிவு செய்தது. 2018-இல் கேள்விகளையே மாற்றி, ‘வலியைப் பற்றி உங்களோடு பேசினார்களா’ என்று கேட்டுப் பார்த்தார்கள். 2019 அக்டோபரோடு அதுவும் போய்விட்டது. வலியோடு கிடக்கும் நோயாளியிடம் வலியைப் பற்றிக் கேட்பதில் தப்பே இல்லை. அந்தப் பதிலில் பணம் தொங்கியதால், கடைசியில் கேள்வியையே தூக்க வேண்டியதாயிற்று. கேட்க வேண்டிய ஒரு நல்ல கேள்வி இப்படிக் காணாமல் போனது எனக்கு இந்தக் கதையிலேயே வருத்தமான பகுதி.

மருத்துவர்களின் மனநிலைக்கு என்ன ஆகிறது? 155 மருத்துவர்கள் பதிலளித்த ஒரு கணிப்பு 2014-இல் வெளியானது. இந்த மதிப்பெண்கள் தங்கள் பணி நிறைவை ஓரளவோ கடுமையாகவோ பாதித்ததாக 78 சதவீதம் பேர் சொன்னார்கள். வேலையையோ மருத்துவத்தையோ விட்டுவிடலாமா என்று யோசித்தவர்கள் 28 சதவீதம். தேவையில்லாத மருந்து, பரிசோதனை, உள்நோயாளியாகச் சேர்த்தல் ஆகியவற்றுக்கு இந்த அழுத்தம் இடமளிக்கிறது என்று கிட்டத்தட்டப் பாதிப் பேர் கருதினார்கள். சின்னக் கணிப்புதான், மனக்குறை உள்ளவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கலாம். நோயாளிகளின் படிவத்துக்கும் அதே குறை உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

யார் அதிகம் அடிபடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். புகையை விடுங்கள், எடையைக் குறையுங்கள், குடியால் கல்லீரல் கெடுகிறது என்று சொல்ல வேண்டியிருப்பவர். போதை மருந்துக்கு அடிமையானவர்களைப் பார்ப்பவர். நோயாளி தேர்ந்தெடுக்காமல் வந்து விழும் அவசர சிகிச்சைப் பிரிவின் இரவுப் பணியாளர். கெட்ட செய்தி சொல்ல வேண்டியவர். இவர்களையும், மகிழ்ச்சியான பிரசவத்துக்குப் பிறகு படிவம் வாங்குபவரையும் ஒரே பட்டியலில் போட்டால், கஷ்டமான வேலையை எடுத்துக்கொண்டதற்கே அபராதம் விதித்தது மாதிரி ஆகிவிடும். இதற்கு நிர்வாகங்கள் வைத்திருக்கும் பதில் ‘துறைவாரியாகச் சரிக்கட்டுகிறோம்’ என்பது. துறைக்குள்ளேயே கடினமான நோயாளிகளை யார் ஏற்றுக்கொள்கிறார், யார் நாசூக்காகத் தள்ளிவிடுகிறார் என்பதை எந்தச் சரிக்கட்டலும் பிடிப்பதில்லை.

எல்லோருக்கும் தெரிய வெளியிடுவது

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மருத்துவமனை 2012 கடைசியில் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. தன் மருத்துவர்களுக்கு நோயாளிகள் தந்த மதிப்பெண்ணையும் கருத்துகளையும் நல்லதும் கெட்டதுமாகத் தன் இணையதளத்திலேயே போட்டது. குறைந்தது 30 படிவங்கள் சேர்ந்தால்தான் மதிப்பெண் வெளியாகும் என்ற வரம்பும் வைத்தது. பிறகு பல மருத்துவமனைகள் பின்தொடர்ந்தன.

சம்பளத்தோடு கட்டுவதைவிட இது எனக்கு மேலாகவே படுகிறது. யார் வேண்டுமானாலும் எதையும் எழுதும் பொதுத் தளங்களைவிட, உண்மையில் சிகிச்சை பெற்றவர் எழுதியது நம்பகமானது. கோபக்காரர் ஒருவரின் பதிவு முதல் வரியில் வந்து நிற்பதற்குப் பதிலாக, நூறு சாதாரண நோயாளிகளின் குரலோடு கலந்து வருகிறது. மருத்துவருக்கும் இதில் ஒரு பாதுகாப்பு.

ஆனால் நோயாளிக்கு இதனால் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்றால், அவ்வளவாக இல்லை. எல்லோருக்கும் 4.6, 4.7, 4.8 என்றிருந்தால் யாரைத் தேர்ந்தெடுப்பது? முட்டி மாற்று அறுவைக்கு மருத்துவரைத் தேடுகிறவருக்குத் தெரிய வேண்டியது, அவர் கையில் எத்தனை பேர் சிக்கலின்றி எழுந்து நடந்தார்கள் என்பது. அதை ஸ்டார் சொல்லாது. இன்னொரு விஷயம், நோயாளிகளின் சாய்வுகளும் சேர்ந்தே வெளியாகின்றன. மருத்துவரின் பாலினமும் பேச்சுச் சாயலும் தோற்றமும் மதிப்பெண்ணில் கலப்பதில்லை என்று யாரும் உறுதி தர முடியாது. தவிர, சீட்டு எழுதித்தரச் சொல்லும் அந்த அரை நிமிட அழுத்தம் இங்கேயும் இருக்கிறது. பணத்துக்குப் பதில் மானம்.

வெளியிடுவதானால் கருத்துகளோடு வெளியிடலாம். இல்லாவிட்டால் துறை அளவில் மட்டும் வெளியிடலாம். தசமப்புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போட்டுத் தனி மருத்துவரின் எண்ணை மட்டும் தொங்கவிடுவதில் யாருக்கும் லாபமில்லை.

மருத்துவரிடம் மட்டும் காட்டுவது

பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல் மருத்துவர்கள் தங்கள் உரிமத்தைத் தக்கவைக்க ஐந்தாண்டுச் சுழற்சியில் மறுசான்று பெற வேண்டும். அதற்காக ஒவ்வொரு சுழற்சியிலும் குறைந்தது ஒரு முறை நோயாளிகளின் கருத்தையும் சகாக்களின் கருத்தையும் திரட்டி, தன்னை மதிப்பீடு செய்யும் மூத்த மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ‘இத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி’ என்பது கிடையாது. இந்தக் கருத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள், என்ன மாற்றினீர்கள் என்பதுதான் கேள்வி. அங்கே பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாளைச் சோதித்தவர்கள், நம்பகமான முடிவுக்குக் குறைந்தது 34 நோயாளிகளின் பதில் வேண்டும் என்று கண்டார்கள். ஐந்தாறு படிவத்தை வைத்துக் காலாண்டுக்கு ஒருமுறை பட்டியல் போடும் நிர்வாகங்கள் இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

இந்த வழியின் குறை எல்லோருக்கும் தெரிந்ததே. சடங்காகிவிடும். படிவத்தைத் திரட்டி, கோப்பில் சேர்த்து, ஐந்து வருடத்துக்கு மறந்துவிடலாம். திருந்த விருப்பமில்லாதவரை இது அசைக்காது. ‘நன்றாகக் கேளுங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினால், திருந்த விரும்புகிறவருக்கும் எப்படி என்று தெரியாது.

ஆனால் எப்படி என்பதைச் சொல்லித்தர முடியும். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவமனையில் நோயாளியோடு பேசும் முறை பற்றி மருத்துவர்களுக்கு எட்டு மணி நேரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் தந்த மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. மருத்துவர்களின் மனச்சோர்வு குறைந்தது என்பது எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிகிறது. மதிப்பெண்ணைத் தடியாகக் காட்டியபோது எதிர்த்திசையில் போன விஷயம் இது.

ஆண்டிபயாட்டிக் கதைக்கும் இங்கேதான் விடை கிடைக்கிறது. குழந்தைகளுக்கு ஆண்டிபயாட்டிக் எதிர்பார்த்து வந்து, கிடைக்காமல் போன பெற்றோரை அமெரிக்காவில் ரீட்டா மான்ஜோனி ஸ்மித் குழுவினர் ஆராய்ந்தார்கள். ‘இன்னும் சில நாளில் குறையாவிட்டால், காய்ச்சல் திரும்பி வந்தால், இதைச் செய்யலாம், திரும்ப வாருங்கள்’ என்று அடுத்த கட்டத்தைச் சொல்லி அனுப்பப்பட்ட பெற்றோர், அப்படிச் சொல்லப்படாதவர்களைவிடத் தெளிவாகவே அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது கைவிடப்படவில்லை என்ற உறுதி. இதை ஒரு மருத்துவர் எங்கே கற்றுக்கொள்வார்? ‘உங்கள் மதிப்பெண் 4.43’ என்ற கடிதத்திலிருந்து முடியாது. ‘ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார், ராத்திரி முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்’ என்று ஒரு தாய் எழுதியிருந்தால், அந்த ஒரு வரியிலிருந்து முடியும். கருத்து எழுதும் கட்டத்தைக் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிக்கு அடக்கிவைக்கும் படிவங்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கேள்வியை மாற்றினால்?

எந்த வழியில் போனாலும் கேள்வியின் வடிவம் முக்கியம். ‘திருப்தியா’ என்று கேட்பது ஒன்று, ‘என்ன நடந்தது’ என்று கேட்பது இன்னொன்று. முன்னது எதிர்பார்ப்பைப் பொறுத்தது. எதுவும் எதிர்பார்க்காமல் வந்தவர் அரைகுறைச் சிகிச்சைக்கும் முழு மதிப்பெண் போடுவார். ‘மாத்திரையின் பக்கவிளைவைப் பற்றி யாராவது சொன்னார்களா’ என்ற கேள்விக்கு எதிர்பார்ப்பு அவ்வளவாக வேலை செய்யாது. பதிலைப் பார்த்தால் எதைச் சரிசெய்வது என்றும் தெரிகிறது.

இங்கிலாந்தில் 2013-இல் ‘இந்த வார்டை உங்கள் நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் பரிந்துரைப்பீர்களா’ என்று மருத்துவமனை நோயாளிகளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். கடைக்காரர்கள் வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்வி அது. அவசரத்தில் ஆம்புலன்ஸில் வந்தவர் வார்டைத் தேர்ந்தெடுத்தா வந்தார், பரிந்துரைக்க? 2020-இல் அதை ‘மொத்தத்தில் உங்கள் அனுபவம் எப்படி இருந்தது’ என்று மாற்றிவிட்டார்கள்.

கேள்வியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன ஃபென்டன் ஆய்விலும் பெரும்பாலான கேள்விகள் ‘கவனமாகக் கேட்டாரா, மரியாதை காட்டினாரா, போதிய நேரம் கொடுத்தாரா’ என்ற ரகம்தான். மறுக்கப்பட்ட நோயாளிக்கு, மருத்துவர் கவனமாகக் கேட்டதும் கேட்காத மாதிரி நினைவில் பதியலாம். நல்ல கேள்வி, தப்பான பயன்பாட்டைக் காப்பாற்றாது.

உண்மையிலேயே மோசமானவர்களை என்ன செய்வது?

தனிப்பட்ட முறையில் காட்டினால் போதும் என்றதும் நிர்வாகிகள் கேட்கும் நியாயமான கேள்வி இது. கத்துகிறவர், அவமானப்படுத்துகிறவர், கூப்பிட்டால் வராதவர் இருக்கத்தானே செய்கிறார்கள்?

இருக்கிறார்கள். ஆனால் அவர்களைக் கண்டுபிடிக்க எல்லோருக்கும் தரவரிசை போடத் தேவையில்லை. வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டு ஹிக்சன் தானாக வரும் புகார்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். புகார்கள் எல்லா மருத்துவர்கள் மீதும் சமமாக விழுவதில்லை, மிகச் சிறு பகுதியினர் மீதுதான் குவிகின்றன. அவர்கள் மீதே வழக்குகளும் அதிகம் வருகின்றன என்று 2002-இல் காட்டினார். அவர் வகுத்த முறையில், புகார் குவியும் மருத்துவரிடம் முதலில் பயிற்சி பெற்ற சக மருத்துவர் ஒருவர் தனியாகப் போய், ‘உங்களைப் பற்றி இவ்வளவு வருகிறது, மற்றவர்களுக்கு இப்படி இல்லை’ என்று காட்டிவிட்டு வருகிறார். திரும்பவும் தொடர்ந்தால்தான் நிர்வாகம் உள்ளே வருகிறது. புகார்ப் பெட்டியையும் திருப்திப் படிவத்தையும் இப்படிப் பிரித்துவைப்பது நல்லது. ஒன்று ஒழுங்கு நடவடிக்கைக்கு, மற்றது கற்றுக்கொள்ள. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் மோசமானவர் சராசரிக்குள் ஒளிந்துகொள்வார், நல்லவர் தூக்கம் கெடுவார்.

எதைத் தேர்ந்தெடுப்பது

நான் ஒரு மருத்துவமனைக்கு யோசனை சொல்வதானால் இப்படிச் சொல்வேன். நடந்ததைக் கேட்கும் கேள்விகள், பெரிய கருத்துக் கட்டம். காத்திருப்பு, சுத்தம், சத்தம் பற்றிய பதில்கள் மருத்துவருக்குப் போகவே வேண்டாம்; அவை நிர்வாகத்தின் பாடு. துறை அளவு முடிவுகளை வெளியிடுங்கள். தனி மருத்துவரின் முடிவு அவருக்கும், அவரோடு உட்கார்ந்து பேசும் ஒரு மூத்தவருக்கும் மட்டும், அதுவும் போதிய படிவம் சேர்ந்த பிறகு. பயிற்சிக்குப் பணம் ஒதுக்குங்கள். கேள்வித்தாள் நடத்தும் செலவில் ஒரு பகுதியைக் குறைத்தாவது ஒதுக்குங்கள். காய்ச்சல் அளந்துவிட்டு மருந்து வாங்கக் காசில்லை என்று சொல்ல முடியாது. பக்கத்திலேயே ஆண்டிபயாட்டிக் எழுதும் விகிதத்தையும் வைத்துப் பாருங்கள். திருப்தி ஏறி அதுவும் ஏறினால், எங்கிருந்து வந்தது அந்தத் திருப்தி என்று கேட்க வேண்டியிருக்கும்.

போட்டி அதிகமுள்ள இடத்தில் நோயாளிகள் இணையத்தைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்றால், யூட்டா வழியில் கருத்துகளோடு வெளியிடுவதை இரண்டாவது கட்டமாகச் சேர்க்கலாம். மருத்துவர்கள் தங்கள் முடிவுகளைத் தாங்களே ஓரிரு ஆண்டு பார்த்துப் பழகிய பிறகு செய்தால் எதிர்ப்பு குறைவாக இருக்கும்.

ஏற்கெனவே சம்பளத்தோடு கட்டிவிட்டவர்களுக்கு அவிழ்ப்பது கடினம். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், சில மருத்துவர்கள் அந்தப் பணத்தை நம்பியிருப்பார்கள். அப்படியானால் வரிசையாகச் செய்யலாம். முதலில் தரவரிசையை நிறுத்துங்கள். மதிப்பெண்ணை அதன் பிழை எல்லையோடு அப்படியே காட்டுங்கள். அடுத்து, படிவம் குறைவாக வந்தவர்களைக் கணக்கிலிருந்து விடுங்கள். மூன்றாவதாக, ஊக்கத்தொகையின் அந்தப் பங்கை மதிப்பெண்ணிலிருந்து பிரித்து, கருத்துகளைப் படித்துத் தன் நடைமுறையில் ஒன்றை மாற்றிக் காட்டுவதற்கும் பயிற்சியை முடிப்பதற்கும் கொடுங்கள். மூன்றாவதற்கு அடுத்த ஒப்பந்தம் வரை பொறுக்க வேண்டிவரலாம். முதல் இரண்டுக்கு ஒரு சுற்றறிக்கை போதும், அடுத்த சுற்றுப் படிவங்கள் போவதற்கு முன்பே அனுப்பிவிடலாம்.